சாக்கடைத் தண்ணீரிலிருந்து ஒரு வைரஸைப் பிடித்து எண்ணுவது எப்படி

1930களில் அமெரிக்காவில் கால்டெக் என்ற பல்கலைக்கழகத்தில் எமரி எல்லிஸ் என்ற உயிர்வேதியியலாளர் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தார். கோழிகளில் வரும் ஒருவகைக் கட்டிக்கு வைரஸ் காரணம் என்று பெய்டன் ரௌஸ் 1911லேயே காட்டிவிட்டார். அதனால் வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லிஸுக்குத் தோன்றியது. ஆனால் விலங்குகளை வைத்து இதைச் செய்வதென்றால் ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் பல விலங்குகளும் பல வாரங்களும் வேண்டும். அவர் லாஸ் ஏஞ்சலஸ் கழிவுநீர் நிலையத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றை (இந்த வகை வைரஸைத்தான் ஃபேஜ் என்கிறோம்) பிரித்து, ஈ.கோலை பாக்டீரியாவின் மேல் விட்டு, கண்ணாடித் தட்டில் படர்ந்த பாக்டீரியாவில் அது போட்ட ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணினார், அவ்வளவுதான். நவீன மூலக்கூறு உயிரியலில் பாதி இந்த எண்ணிக்கையிலிருந்து கிளைத்தது என்று நான் சொன்னால் மிகையில்லை.

அவர் செய்ததையே இன்று ஒரு சாதாரணக் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், சின்ன சென்ட்ரிஃப்யூஜ், வாட்டர் பாத், மைக்ரோபிப்பெட் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டுச் சமையலறையில் செய்கிற வேலை இல்லை. ஃபேஜ் மனித செல்களைத் தாக்காது, அது சரி, ஆனால் அதைத் தேடி நாம் போகிற சாக்கடைத் தண்ணீரில் மஞ்சள் காமாலை வைரஸும் டைஃபாய்டு பாக்டீரியாவும் இருக்கலாம். ஆசிரியரோ ஆய்வகப் பொறுப்பாளரோ பக்கத்தில் இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எந்த பாக்டீரியா, எந்தத் தண்ணீர்

ஃபேஜைத் தேடுவதற்கு முன்னால் அதற்கு இரை எது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு ஃபேஜ் எல்லா பாக்டீரியாவையும் தாக்காது. பெரும்பாலும் ஒரே இனத்தில் சில வகைகளை மட்டும்தான் தாக்கும், ஏனென்றால் அதன் வால் நுனி போய் ஒட்டுகிற பூட்டு அந்த பாக்டீரியாவின் மேல்தோலில் இருந்தாக வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, நோய் உண்டாக்காத ஆய்வக ஈ.கோலையை எடுங்கள். கே-12 வகை நல்லது. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற கல்ச்சர் சேமிப்பகத்திலிருந்து கல்லூரி வழியாக வாங்கலாம். மருத்துவமனையிலிருந்து வந்த கல்ச்சரை எடுத்து நேரடியாக இறங்க ஆசைப்படாதீர்கள், அதற்குப் பாதுகாப்பு வசதி வேறு மாதிரி வேண்டும்.

இரை ஈ.கோலை என்றால் அது எங்கே ஏராளமாக இருக்கிறதோ அங்கேதான் ஃபேஜும் இருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் உள்ளே வருகிற இடம் மிகச் சிறந்தது, அனுமதி கேட்டால் 50 மி.லி. தருவார்கள். சுத்திகரித்து வெளியே போகிற தண்ணீரில் குளோரின் கலந்திருக்கலாம், அது வேண்டாம். மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரும் நன்றாகவே வேலை செய்யும். 1896ல் எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனை நீரில் காலரா பாக்டீரியாவைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் எழுதினார். அது ஃபேஜ்தானா என்பதில் இன்றும் வாதம் உண்டு. பிறகு 1915ல் லண்டனில் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும் 1917ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியா தின்னி என்று பெயர் வைத்தவர் டெரெல்.

தண்ணீர் எடுத்த பாட்டிலில் அங்கேயே, அப்போதே, இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வடிகட்டி, பெருக்கி

சாக்கடைத் தண்ணீரை அப்படியே ஃபில்டரில் அழுத்தினால் அரை மி.லி. போவதற்குள் அடைத்துக்கொள்ளும். முதலில் சென்ட்ரிஃப்யூஜில் 5,000 மடங்கு புவியீர்ப்பில் 10 நிமிடம் சுற்றி மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, அதை 0.45 மைக்ரான் ஃபில்டர், அப்புறம் 0.22 மைக்ரான் ஃபில்டர் என்று இரண்டு படியாக வடிகட்டுங்கள். பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கடந்துபோகும். இங்கே ஒரு நுணுக்கம்: மிகப் பெரிய ஃபேஜ்களும் உண்டு, அவை 0.22ல் சிக்கிக்கொள்ளும், அவற்றைத்தான் தேடுகிறீர்கள் என்றால் 0.45ஓடு நிறுத்தி மீதி பாக்டீரியாவைக் குளோரோஃபார்ம் சில துளி விட்டுக் கொல்லலாம். ஆனால் கொழுப்பு உறை உள்ள ஃபேஜைக் குளோரோஃபார்ம் கெடுத்துவிடும். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு வகை கை நழுவும், எதை இழக்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

வடிகட்டிய தண்ணீரில் உங்களுக்கு வேண்டிய ஃபேஜ் ஒரு மி.லி.க்கு நாலைந்துதான் இருக்கலாம். அதைப் பெருக்கியாக வேண்டும். வடிகட்டிய தண்ணீர் 10 மி.லி., இரட்டை அடர்த்தியில் தயாரித்த எல்.பி. திரவம் (பாக்டீரியா வளர்க்கும் சத்துத் திரவம்) 10 மி.லி., முந்தைய இரவு வளர்த்த ஈ.கோலை 1 மி.லி., கால்சியம் குளோரைடு மொத்தத்தில் 2 மில்லிமோலார் வரும் அளவுக்கு, இவ்வளவையும் ஒரு ஃபிளாஸ்கில் சேர்த்து 37 டிகிரியில் ஷேக்கரில் ஓர் இரவு விடுங்கள். கால்சியத்தை விட்டுவிடாதீர்கள். பல ஃபேஜ்கள் செல்லின் மேல் ஒட்டுவதற்குக் கால்சியமோ மக்னீசியமோ இருந்தாக வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்காமல் தவித்தேன், தண்ணீர் மாற்றினேன், பாக்டீரியாவை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் கால்சியம் கரைசல் பாட்டில் தவறான அடர்த்தியில் தயாரிக்கப்பட்டிருந்தது. அதைப் புதிதாகக் கரைத்த மறுநாளே தட்டு முழுக்க ஓட்டைகள்.

மறுநாள் அந்தக் கல்ச்சரை மறுபடி சுற்றி, மறுபடி வடிகட்டுங்கள். கையில் இருப்பது தெளிவான, லேசான மஞ்சள் திரவம், பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும்.

இருக்கிறதா இல்லையா

அதைத் தெரிந்துகொள்ள ஸ்பாட் டெஸ்ட். ஒரு தட்டில் ஈ.கோலை கலந்த மெல்லிய அகாரை ஊற்றி (எப்படி என்று அடுத்து வருகிறது), அது இறுகியதும் உங்கள் திரவத்தை 5 மைக்ரோலிட்டர் ஒரு சொட்டு, அதை 10 மடங்கு நீர்த்தது ஒரு சொட்டு, 100 மடங்கு, 1,000 மடங்கு என்று வரிசையாக வைத்து, காய்ந்ததும் இன்குபேட்டரில் விடுங்கள். மறுநாள் பாக்டீரியா விரிப்பு பால் ஏடுபோலப் படர்ந்திருக்கும், சொட்டு வைத்த இடம் மட்டும் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது.

கவனியுங்கள், "ஏதோ ஒன்று" என்றுதான் சொன்னேன். சாக்கடையில் வாழும் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று கொல்ல கோலிசின் மாதிரியான நஞ்சுப் புரதங்களை வெளியிடும், அதுவும் இப்படித்தான் தெளிந்த இடத்தை உண்டாக்கும். வித்தியாசம் தெரிவது நீர்த்த சொட்டுகளில்தான். நஞ்சாக இருந்தால் நீர்க்க நீர்க்க அந்த இடம் ஒரே சீராக மங்கிக்கொண்டே போய் மறைந்துவிடும். ஃபேஜாக இருந்தால் ஒரு கட்டத்தில் முழு வட்டம் போய், தனித்தனிப் புள்ளிகளாக உடையும். நஞ்சு பெருகாது, ஃபேஜ் பெருகும். அந்தப் புள்ளிகளைப் பார்த்தால்தான் உங்களுக்கு ஃபேஜ் கிடைத்துவிட்டது என்று நம்பலாம், அதற்கு முன்னால் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டடுக்கு அகார், இதில்தான் எல்லாமே இருக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான்.

எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபேஜும் மற்றதிலிருந்து தள்ளி, தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்து பெருக வேண்டும். திரவத்தில் விட்டால் எல்லாம் கலந்துவிடும். கெட்டியான அகாரில் விட்டால் ஃபேஜால் பரவ முடியாது. அதனால் கீழே 1.5 சதவீத அகார், வழக்கமான தட்டு. அதன் மேல் 0.5 சதவீத அகார், கூழ் பதம், அதற்குள் பாக்டீரியாவும் ஃபேஜும். ஒரு ஃபேஜ் ஒரு செல்லுக்குள் நுழைந்து அதை வெடிக்க வைத்து, வெளியே வந்த நூறு பேர் பக்கத்துச் செல்களைப் பிடித்து, இப்படி வட்டமாக விரிந்து விரிந்து கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையாகிறது. ஆய்வகத்தில் இதைப் பிளாக் என்பார்கள், நான் தெளிவட்டம் என்றே எழுதுகிறேன். ஒரு தெளிவட்டம் என்றால் ஆரம்பத்தில் அங்கே ஒரே ஒரு ஃபேஜ். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஃபேஜின் உருவத்தை ஹெல்முட் ருஸ்கா பார்த்தது 1940ல்தான், ஆனால் அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே டெரெல்லால் அவற்றை எண்ண முடிந்தது இந்தத் தெளிவட்டங்களால்தான்.

செய்முறை இது. டாப் அகாரை, அதாவது மேலே ஊற்றும் 0.5 சதவீத அகாரை உருக்கி, ஒரு குழாய்க்கு 3 மி.லி. வீதம் ஊற்றி, 48 டிகிரி வாட்டர் பாத்தில் வையுங்கள். உருக்கியவுடன் அல்ல, குறைந்தது 20 நிமிடம் அங்கே இருந்து அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே 60 டிகிரி இருக்கும், பாக்டீரியா வெந்துவிடும், தட்டு முழுக்கத் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஃபேஜ் ஏராளம் என்று ஏமாந்துபோவீர்கள். பாக்டீரியாவும் பழைய கல்ச்சராக இருக்கக் கூடாது. காலையில் புதிதாக விதைத்து, 600 நானோமீட்டர் ஒளியில் ஓ.டி. (கலங்கலின் அளவு) 0.5 வரும்போது, அதாவது செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும்போது எடுங்கள்.

அந்த நேரத்துக்குள் ஃபேஜை நீர்த்து வைத்திருக்க வேண்டும். 0.9 மி.லி. பஃபர் உள்ள குழாய்களை வரிசையாக வைத்து, முதல் குழாயில் 0.1 மி.லி. ஃபேஜ் திரவம், நன்றாகக் கலக்கி அதிலிருந்து 0.1 மி.லி. அடுத்ததற்கு, இப்படி 8 குழாய் வரை. ஒவ்வொரு முறையும் பிப்பெட்டுக்குப் புது டிப். டிப்பை மாற்றச் சோம்பல்பட்டால் முதல் குழாயின் ஃபேஜ் கடைசிக் குழாய் வரை தொற்றிக்கொண்டு போய்விடும், கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

சின்னக் குழாயில் பாக்டீரியா 0.1 மி.லி., நீர்த்த ஃபேஜ் 0.1 மி.லி. சேர்த்து 10 நிமிடம் அசைக்காமல் விடுங்கள், ஒட்டிக்கொள்ளட்டும். பிறகு டாப் அகாரை அதில் ஊற்றி, குழாயை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மத்து உருட்டுவதுபோல ஒருமுறை உருட்டி (குலுக்காதீர்கள், குமிழி வரும், குமிழியும் தெளிவட்டம்போலவே தெரியும்), உடனே தட்டில் ஊற்றி, தட்டைச் சாய்த்துச் சுழற்றிப் பரப்புங்கள். வாட்டர் பாத்திலிருந்து எடுத்ததிலிருந்து பரப்பி முடிப்பது வரை 10 விநாடிதான். தாமதித்தால் கட்டி கட்டியாக விழும். கீழ்த் தட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருந்தாலும் கட்டியாகும், அதனால் தட்டுகளை முன்கூட்டியே 37 டிகிரியில் வைத்துச் சூடேற்றி, மேலே ஈரம் இல்லாமல் காயவைத்திருங்கள். ஈரம் இருந்தால் மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கை பழகுவதற்குப் பாக்டீரியா இல்லாமல் வெறும் டாப் அகாரை நாலைந்து தட்டில் ஊற்றிப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன், அகார் வீண் என்று நினைக்க வேண்டாம், பிற்பாடு ஒரு வாரம் மிச்சமாகும்.

கூடவே இரண்டு கண்ட்ரோல் தட்டுகள். ஒன்றில் பாக்டீரியா மட்டும், அது ஓட்டை இல்லாமல் முழுதாக வளர வேண்டும். இன்னொன்றில் ஃபேஜ் திரவம் மட்டும், அதில் எதுவும் வளரக் கூடாது. இவை இரண்டும் சரியாக இல்லையென்றால் மற்ற தட்டுகளை எண்ணி என்ன பயன்?

15 நிமிடம் இறுகவிட்டு, கவிழ்த்து, 37 டிகிரியில் ஓர் இரவு. சில ஃபேஜ்கள், டி7 மாதிரி, மாலைக்குள்ளேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

எண்ணுவதும் படிப்பதும்

30க்கும் 300க்கும் இடையில் தெளிவட்டம் உள்ள தட்டை மட்டும் எடுங்கள். 10 லட்சம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து 0.1 மி.லி. போட்ட தட்டில் 82 இருக்கிறது என்று வையுங்கள். 1 மி.லி. போட்டிருந்தால் 820. அதை 10 லட்சத்தால் பெருக்கினால் 82 கோடி. நீர்க்காத மூலத் திரவத்தில் ஒரு மி.லி.க்கு 82 கோடி ஃபேஜ். நேற்று ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்த மஞ்சள் திரவத்தில்!

எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வடிவத்தையும் பாருங்கள், தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து. முழுக்கத் தெளிவாக இருந்தால் அந்த ஃபேஜ் போன செல்லையெல்லாம் கொல்கிறது. மங்கலாக, நடுவில் பாக்டீரியா திரும்ப வளர்ந்ததுபோல இருந்தால் அது லாம்ப்டா மாதிரியான அடங்கிக் கிடக்கும் வகையாக இருக்கலாம், சில செல்களைக் கொல்லாமல் தன் டி.என்.ஏ.வை அவற்றின் டி.என்.ஏ.வில் செருகிவிட்டுக் காத்திருக்கும். தெளிவட்டத்தைச் சுற்றி மங்கலான வளையம் இருந்தால், பாக்டீரியாவின் சர்க்கரை உறையைக் கரைக்கிற நொதி ஒன்றை ஃபேஜ் வைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒரே தட்டில் பெரியதும் சின்னதும் தெளிந்ததும் மங்கியதுமாகக் கலந்திருந்தால் உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஜ் இருக்கிறது. தள்ளி நிற்கும் ஒரு தெளிவட்டத்தின் நடுவில் டிப் நுனியால் குத்தி எடுத்து, அரை மி.லி. எஸ்.எம். பஃபரில் (ஃபேஜ் கெடாமல் வைக்கும் உப்புக் கரைசல்) கரைத்து, மறுபடி நீர்த்து, மறுபடி தட்டில் போடுங்கள். இதை மூன்று முறை செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு டி.என்.ஏ. வரிசை பார்க்க அனுப்பினால், இரண்டு ஃபேஜ் கலந்த குழப்பம்தான் திரும்பி வரும், பணமும் போகும்.

சுத்தமானதும், தெளிவட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு வலைபோல ஆகிற அளவுக்கு ஃபேஜ் போட்டு ஒரு தட்டு தயாரித்து, அதன் மேல் 5 மி.லி. எஸ்.எம். பஃபர் ஊற்றி, ஃபிரிட்ஜில் சில மணி நேரம் ஊறவிட்டு உறிஞ்சி எடுத்து வடிகட்டினால் நல்ல அடர்த்தியான இருப்பு கிடைக்கும். 4 டிகிரியில் மாதக்கணக்கில் தாங்கும். கிளிசரால் சேர்க்காமல் உறைய வைக்காதீர்கள்.

எல்லிஸின் படிக்கட்டு

மேக்ஸ் டெல்புரூக் இயற்பியலாளர். 1937ல் ஜெர்மனியிலிருந்து கால்டெக்குக்கு வந்தது தாமஸ் ஹன்ட் மார்கனின் பழ ஈ ஆய்வகத்தில் மரபியல் கற்க. ஈக்களின் மரபியல் அதற்குள் கரடுமுரடான கலைச்சொற்களால் நிரம்பியிருந்தது, அவரால் ஒன்ற முடியவில்லை. அதே கட்டடத்தில் எல்லிஸின் தட்டுகளைப் பார்த்தார். உயிரியலில் அணுவைப் போல ஒன்றை எடுத்து இவ்வளவு எளிதாகச் சோதிக்க முடியும் என்று கனவிலும் நினைத்ததில்லை என்கிற பொருளில் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். இருவரும் சேர்ந்து 1939ல் வெளியிட்ட சோதனையை நீங்களும் ஒரே நாளில் செய்யலாம்.

மும்முரமாக வளரும் ஈ.கோலை, மி.லி.க்கு 20 கோடி செல், அதில் 0.9 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். மி.லி.க்கு 10 கோடி வரும்படி நீர்த்த ஃபேஜ் 0.1 மி.லி. சேருங்கள். சுமார் 18 செல்லுக்கு ஒரு ஃபேஜ் என்ற கணக்கு, ஒரே செல்லுக்குள் இரண்டு ஃபேஜ் நுழைவதைத் தவிர்க்கத்தான் இது. 37 டிகிரியில் 5 நிமிடம். பிறகு, முன்பே சூடேற்றி வைத்த எல்.பி. திரவத்தில் 10,000 மடங்கு நீர்த்து ஒரு ஃபிளாஸ்க், அதிலிருந்து இன்னும் 100 மடங்கு நீர்த்து இரண்டாவது ஃபிளாஸ்க். இந்த நீர்ப்பில்தான் சூட்சுமமே இருக்கிறது. செல்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளிப்போய்விட்டால், வெடித்து வெளியே வரும் ஃபேஜுக்கு அடுத்த செல் எளிதில் கிடைக்காது, ஒரே ஒரு சுற்றோடு கதை நின்றுவிடும்.

முதல் ஃபிளாஸ்கிலிருந்து 1 மி.லி. உடனே எடுத்து, குளோரோஃபார்ம் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கி அடியில் தங்கவிட்டு, மேலிருந்து 0.1 மி.லி. தட்டில் போடுங்கள். செல்கள் செத்துப்போகும், எந்தச் செல்லிலும் ஒட்டாமல் சுற்றிய ஃபேஜ் மட்டும் எண்ணிக்கையில் வரும். இதை 10 நிமிடத்துக்குள் செய்துவிடுங்கள். பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஃபிளாஸ்கிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் போக வேண்டும். தனியாகச் செய்ய முடியாது, ஒருவர் எடுக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் கடிகாரம் பார்க்க என்று மூன்று பேர் வேண்டும்.

மறுநாள் எண்ணி வரைபடம் போட்டால் முதலில் தட்டையாக இருக்கும். முதல் ஃபிளாஸ்கில் 90, 88, 91 என்று அசையாமல் நிற்கும். டி4 போன்ற ஃபேஜில் 25 நிமிடத்துக்கு அப்புறம் திடீரென்று எகிறும், பிறகு மறுபடி தட்டை. படிக்கட்டின் ஒரே ஒரு படி. கடைசியில் இரண்டாவது ஃபிளாஸ்கில் சராசரி 110 என்றால் முதல் ஃபிளாஸ்க் கணக்கில் அது 11,000. ஆரம்ப 90ல் ஒட்டாதவை 10 என்று குளோரோஃபார்ம் தட்டு காட்டினால், தொற்றிய செல் 80. 11,000லிருந்து 10ஐக் கழித்து 80ஆல் வகுத்தால் 137. ஒரு செல் வெடித்தால் 137 ஃபேஜ்.

அந்தப் படியைப் பாருங்கள். பாக்டீரியா 1, 2, 4, 8 என்று பிரிந்து பெருகும்போது கோடு சீராக ஏறும். ஃபேஜ் அப்படி இல்லை. உள்ளே போனது காணாமல் போகிறது, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரேயடியாக நூற்றுக்கு மேல். அப்படியென்றால் உள்ளே அதன் பாகங்கள் தனித்தனியாகச் செய்யப்பட்டுக் கடைசியில் கோக்கப்படுகின்றன. எந்தப் பாகம் கட்டளை போடுகிறது என்ற கேள்விக்கு 1952ல் ஹெர்ஷியும் சேஸும் அதே ஃபேஜ் குடும்பத்தை மிக்ஸியில் அடித்துப் பதில் கண்டார்கள்: டி.என்.ஏ. ஹெர்ஷி, டெல்புரூக், ஃபேஜ் ஆராய்ச்சியில் அவர்களோடு இருந்த லூரியா மூவருக்கும் 1969ல் நோபல்.

இந்தப் பழக்கம் மூளை வரை போனது

டெல்புரூக் ஈயை விட்டு ஃபேஜுக்கு வந்தார் என்றேன். அதே கால்டெக்கில் சுமார் 30 ஆண்டுகள் கழித்து சீமோர் பென்சர் நேர் எதிராகப் போனார். டி4 ஃபேஜின் ஒரு சின்ன மரபணுப் பகுதியில் ஆயிரக்கணக்கான பிறழ்வுகளைத் தெளிவட்டத்தின் வடிவத்தை வைத்தே பிரித்து வரைபடம் போட்டவர் அவர். 1960களில் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பழ ஈயின் மூளைக்குத் திரும்பினார். மனிதர் கொண்டுபோனது ஃபேஜ் ஆய்வகத்தின் புத்தியைத்தான்: ஒரு மரபணுவை மட்டும் கெடு, ஏராளமாக வளர்த்துவிடு, வித்தியாசமாக நடப்பது எது என்று பிரித்தெடு. ரசாயனம் கொடுத்த ஈக்களின் வாரிசுகளைச் சோதனைக் குழாய்களில் போட்டு, வெளிச்சத்தை நோக்கி ஓடுபவை, ஓடாதவை என்று பிரித்தார்.

ஈத்தர் மயக்கத்தில் கால் உதறுகிற ஓர் ஈ வகை இருந்தது, ஷேக்கர் என்று பெயர். டெல்புரூக்கின் மாணவர்களாக இருந்து பென்சரின் ஆய்வகத்துக்கு வந்த லில்லி ஜான், யூ நுங் ஜான் தம்பதி அதை விடவில்லை. நரம்பு தசைக்குச் செய்தி கொடுக்கும் இடத்தில், இந்த ஈக்களில் ரசாயனச் செய்தி அளவுக்கு மீறிக் கொட்டுகிறது என்று காட்டினார்கள். 1987ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர்கள் குழு பிரித்தெடுத்த அந்த மரபணு, நரம்பு செல்லின் பொட்டாசியம் வாயிலுக்கானது. மின்துடிப்பு வந்த செல்லை மறுபடி அமைதிக்குக் கொண்டுவருகிற வாயில் அது; அது கெட்டால் துடிப்பு நீள்கிறது, செய்தி அதிகமாகக் கொட்டுகிறது. மூளை செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று படிக்க விரும்பும் மாணவர்கள் ஃபேஜ் வேலையைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஃபேஜ்களும் பேசிக்கொள்கின்றன என்பது இன்னும் வியப்பு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோடெம் சோரெக் குழு 2017ல் வெளியிட்டது இது: பேசில்லஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜ், தொற்றிய செல்லிலிருந்து ஆறே அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் பெப்டைடை வெளியே விடுகிறது. அது வெளியில் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், இரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அடுத்து வரும் ஃபேஜ்கள் கொல்வதை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கத் தொடங்குகின்றன. உங்கள் தட்டில் மங்கலான தெளிவட்டம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிக்கும்போது

தட்டுகள், டிப், குழாய் எல்லாம் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், முழுச் சுமையாக இருந்தால் 30 நிமிடமாவது. மேசையைப் புதிதாகக் கலந்த 10 சதவீத ப்ளீச்சால் துடைத்து 10 நிமிடம் விடுங்கள், ஆல்கஹாலை மட்டும் நம்ப வேண்டாம், பல ஃபேஜ்கள் அதற்கு அசையாது. அதே ஈ.கோலையை வைத்து வேறு வேலை செய்கிறவர்கள் ஆய்வகத்தில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, தனி மேசை, தனி பிப்பெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி தெறித்தால் அவர்களுடைய கல்ச்சர் ஓர் இரவில் தண்ணீராகிவிடும். பாலாடைக்கட்டி தொழிற்சாலைகளில் இது பல பத்தாண்டுகளாகத் தீராத தொல்லை.

அப்புறம் அந்த இடம், தேதி, நேரம். 2010ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிப்போன கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு ஃபேஜை எடுத்தார், ஆங்கிலத்தில் மட்டி (Muddy, சேறானது) என்று பெயர் வைத்து, விவரங்களோடு சேமிப்பில் சேர்த்தார். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து, நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்றோடு லண்டனில் 15 வயதுப் பெண் ஒருத்தி உயிருக்குப் போராடியபோது, பிட்ஸ்பர்க்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் ஆய்வகத்தின் சேமிப்பைத் தேடி எடுத்த மூன்று ஃபேஜ்களில் ஒன்று அந்த மட்டி. அவள் உடல்நிலை தேறியது 2019ல் கட்டுரையாக வெளியானது. அதனால் உங்கள் குழாயின் மேல் வெறுமனே "ஃபேஜ் 1" என்று எழுதாதீர்கள். அழியாத மையில், ஃபேஜுக்கு நீங்கள் வைத்த பெயர், எடுத்த இடம், தேதி, எந்த ஈ.கோலையில் வளர்ந்தது, மி.லி.க்கு எத்தனை கோடி, இவ்வளவும் எழுதி, அதே விவரத்தை நோட்டிலும் எழுதி, ஒரு குழாயை 4 டிகிரியிலும் கிளிசரால் சேர்த்த இன்னொன்றைக் கழித்தல் 80 டிகிரியிலும் வையுங்கள்.